மீதி

பத்து லட்சம் இலக்கம்.
சென்டிமீட்டருக்கு ஒன்றாய் எழுதினால்
உறைந்த கடல்மேல் போகும் சாலையில்
ஹைலுவோட்டோ தீவு வரை வரும்.

கடைசி இலக்கம் ஏழு.
மூன்றுக்கு மசியவில்லை, பதினொன்றுக்கும்.
ஒன்பது நாளாய் இர்மெலியின் பழைய கணினி
இரைகிறது.
அதன் சூட்டில் காய்கிறது ஈரக் கையுறை.

பகா எண் என்றால்
மீதி ஒன்று வரவேண்டும்.

விடியாத காலை ஆறரைக்கு
வந்தது வேறேதோ.
பகு எண்தான்.
எதனால் பகுபடும்?
அதைச் சொல்லாது இந்தச் சோதனை.
ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்ப்பதற்குள்
சூரியன் அவிந்துவிடும்.

தபால் வண்டி பனிச்சாலையில் இறங்குகிறது.
இங்கே சீட் பெல்ட் போடக்கூடாது,
நிற்கவும் கூடாது.

பாதி வழியில், அடியில் எங்கோ
விரிசல் ஓடும் சத்தம்.

கண்ணாடியை இறக்குகிறாள்
இன்னும் நன்றாய்க் கேட்க.