மூன்றாம் தரம்

காடாம்புலியூர் தாண்டி
செம்மண் பாதை பிரியும் இடத்தில் ஜீப்பை நிறுத்தினோம்.
கோப்பு சொன்னது:
மரங்களற்ற தரிசு, எழுபத்திரண்டு ஏக்கர் நாற்பது சென்ட்,
விற்பனைக்கு வனத்துறை ஆட்சேபம் இல்லை.
இறங்கியதும் என் தலையில் இடித்தது
முந்திரிக் கிளை.

தானே புயல் அடித்த மறுமாதம்
யாரோ வந்து எண்ணியிருக்கிறார்கள்.
எல்லாம் வேரை வானத்துக்குக் காட்டிக் கிடந்த நேரம்.
நிற்பவை: இல்லை.
கீழே சுருக்கொப்பம், தேதி.
பொய்யில்லை, அந்தத் தேதிக்கு அது உண்மைதான்.
பிறகு தளிர்த்ததைத் தெரிவிக்கத்தான்
படிவம் ஏதும் இல்லை.

ருக்மாங்கதன் சங்கிலியை இழுத்துப் போனார்.
கல்லிலிருந்து கல்லுக்குக் கோடு நேராகப் போக வேண்டும்.
"கொடி தெரியலைங்க மேடம்."
அழுகிய பழம் மணக்கும் நிழலுக்குள்ளிருந்து
குரல் மட்டும் வந்தது.

அஞ்சலாட்சி வந்து நின்றாள்.
மடியில் கொட்டை.
ஓட்டுப்பால் பட்டு வெந்து
ரேகை போன விரல்கள்.
ரேஷன் கடை மெஷினுக்கு அவளைத் தெரியாது.
"யாருக்கும்மா அளக்கறீங்க?"
"கவர்மென்ட்டுக்கு."
"கவர்மென்ட்டு எடந்தானே இது.
தன்னுதைத் தானே எதுக்கு அளக்குது?"
விடை தெரிந்துதான் கேட்டாள்.
நான் டேப்பைச் சுருட்டினேன்,
ஏற்கெனவே சுருட்டியிருந்ததை.

வெள்ளிக்கிழமை கடலூரில் ஏலம்.
ஒரு தரம் என்பார்கள், ரெண்டு தரம் என்பார்கள்.
எங்கள் பதிவேட்டிலும் தரம் என்றொரு கட்டம் உண்டு.
இந்த மண்ணுக்கு
என்றைக்கோ எவரோ போட்டது
மூன்று.

பார்வைக்கோட்டை எது மறைத்தாலும்
புலப்புத்தகத்தில் குறிக்க வேண்டும். விதி.
குறித்தேன்.
பதினெட்டாம் மீட்டரில் தடை: முந்திரி.
இருபத்து மூன்றில் தடை: முந்திரி.
இருபத்தொன்பதில் முந்திரி,
மேலே ஒரு கொடி, பெயர் தெரியவில்லை.
முப்பத்தாறில் இரண்டு, ஒன்றையொன்று சாய்ந்து.
பேனா தீர்ந்து
ருக்மாங்கதனின் பேனாவை வாங்கினேன்.
வெளிச்சம் போகும்வரை எழுதி,
மறுநாளும் வந்து எழுதி,
மரங்களற்ற நிலத்தில் தடைகள்
மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று.

தாசில்தார் புரட்டினார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி புரட்டினார்.
"என்னம்மா இது, இவ்வளவு பக்கம்?
தடை உண்டுன்னு ஒரே வரியில எழுதிக் குடு."

எழுதுகிறேன் சார்.
வரி எவ்வளவு நீளம் போகலாம்
என்று கேட்டேன்.