வானத்துக்குப் பின்னிய வலை

வலை பின்னத் தெரிந்த பெண்கள் வேண்டும்,
மண்டபம் முகாமுக்கு என்று
தமுக்கடித்துப் போனவன்
என்ன மீனுக்கென்று சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால்
கண்ணி ஒவ்வொன்றும் முழ அகலம்.
சூடை நழுவும், சீலா நழுவும்,
ஆவுளியாக் குட்டியே தலைநீட்டிப் போய்விடும்.
பச்சைத் துணி, மண்ணிறத் துணி
கிழித்துக் கிழித்து அதில் முடிந்தோம்.
பீரங்கிமேல் போர்த்தினால்
மேலே பறப்பவன் கண்ணுக்கு
வெறும் உடங்காடாகத் தெரியுமாம்.
"நமக்குப் போர்த்தவே வேண்டாம்" என்றாள் கித்தேரி.
"எதிரே போய் நின்றாலும்
உடங்காடுதான்."

ராத்திரி விளக்குக்குத் தடை.
வத்தைகளைக் கரையேற்றி
எண் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.
ஆண்கள் கொழும்பில், பட்டாளத்தில்,
தபால் வராத வேறெங்கோ.
உலையில் வெந்தது எங்கள் நாலணா.
ஆணிக்கயிறு இழுத்த கிழவர்களுக்கு எட்டணா.

சனிக்கிழமை சம்பளம்.
"பேர்?" என்றார் ஹவில்தார்.
"சந்தியாகு பெஞ்சாதி."
"சந்தியாகுவா பின்னினான்?"
வரிசை சிரித்தது.
கித்தேரி சிரிக்கவில்லை.
அடகு வைத்ததைத் திரும்பக் கேட்பவள்போல்
மெதுவாக,
"கித்தேரியம்மாள்" என்றாள்.

ரேகை மை தீர்ந்த வாரம்
கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு
முதலில் காசு என்றார்கள்.
அதோடு தொடங்கியது, ஈரமணலில், விரலால்.
அரபுத்தமிழ் தெரிந்த ஆமினா நாச்சியாள்
வலமிருந்து வந்த கையை
இடமிருந்து நடக்கப் பழக்கினாள்.
என் 'ம்' மட்டும் ஒரு மாதம்
புள்ளி இல்லாமல் கிடந்தது.

யுத்தம் முடிந்தது.
கொட்டகையைப் பிரித்தார்கள்.
மிச்ச வலை கோழிக்கூட்டுக்கு ஆயிற்று.

அடுத்து எலெக்ஷன் வந்தது.
சாவடியில் கர்ணம் கேட்டார்:
"தீர்வை கட்டும் நிலம் உண்டா?"
கடலுக்குப் பட்டா இல்லை.
"கட்டுகிறவன் பெண்சாதியா?"
சந்தியாகு போய் மூன்று வருஷம்.
எழுத்துத் தெரியுமா என்ற மூன்றாவது கேள்வியை
அவர் கேட்கவே இல்லை. நோட்டை மூடப் போனார்.
கித்தேரி உள்ளங்கையை நடுவில் வைத்துவிட்டாள்.
"பென்சிலைக் கொடும்."

முப்பத்தொரு பேர் எழுதினோம்.
நாலு பேரை ஏற்றார்.
ஒருத்திக்குக் கால் கோணல், ஒருத்திக்குக் கொம்பு சுருக்கம்.
எனக்குக் கை நடுங்கியதில்
அந்தப் பழைய புள்ளி விட்டுப்போனது.
"நமபுராணி என்று யாரும் இந்த ஊரில் இல்லையே"
என்றார், ரொம்ப மரியாதையாக.

ஓட்டு நாளில் நாலு பேரோடு
நாங்கள் இருபத்தேழு பேரும் நடந்தோம்.
பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே
சம்பள நாளில் நின்ற அதே வரிசை.
உள்ளே அதிகாரி கித்தேரியைப் பார்த்து
"பேர்?" என்றார்.
அவள் சொன்னாள்.
வெளியிலிருந்து நாங்களும் சொன்னோம்,
அவரவர் பேரை.
நான் புள்ளியோடு சொன்னேன்.

ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.
உப்புக்காற்றில் துருவேறிய கொண்டி
நகரவில்லை.