அந்த ஜிம்மில் யாருக்கும் வியர்ப்பதில்லை

என்பதுதான் ஷம்ஷாத்தின் முதல் புகார்.
டிரெட்மில்லில் மூச்சு வாங்க வாங்கச் சொல்கிறாள்:
"பதினோரு எபிசோட் ஆச்சு மேடம்,
அந்தப் பொண்ணு நெத்தில ஒரு சொட்டு கூட இல்ல."

காலை ஆறேகால். அயனாவரம்,
மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இரண்டாம் மாடி.
பெண்கள் பேட்ச்.
ஏசி போன மாதத்திலிருந்து சத்தம் மட்டும்தான் போடுகிறது.
கீழே பிரியாணிக் கடையில்
மூட்டை வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.
யார் கண் கலங்கினாலும்
அந்தத் தொடரைக் குற்றம் சொல்ல முடியாது.

கதை இவ்வளவுதான்:
சியோலில் கடனில் மூழ்கும் ஒரு ஜிம்.
நடத்துகிறவன் முன்னாள் படகு வீரன், தோள்பட்டை போனவன்.
வசூலுக்கு வந்த வங்கிக்காரி
எப்படியோ உறுப்பினராகிவிடுகிறாள்.

இந்த "எப்படியோ"வை
மங்கையர்க்கரசியால் மன்னிக்க முடியவில்லை.
அவளே வங்கியில் வாராக்கடன் பிரிவு.
"நான் போனா நாயை அவுத்து விடுவாங்க.
இவளுக்குப் புரோட்டீன் ஷேக் கலக்கித் தரான்!"

எஸ்தர் டீச்சர் இரண்டு தரம் பார்த்தவள்,
தமிழில் ஒரு முறை, கொரியனில் ஒரு முறை.
டப்பிங்கில் அவன் "கண்ணே" என்கிறானாம்.
அசலில் அவள் பெயரைத்தான் சொல்கிறானாம், மெதுவாக.
"பேரைச் சொல்றதுக்கு மேல என்னடி கண்ணே?"
அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
சைக்கிள் பெடல்கள் மட்டும் கொஞ்சம் வேகமாகின.

கோதை மாமிக்கு முட்டி வலி. அவருக்கு ஒரே கவலை:
அந்தப் பையன் உப்பில்லாத கோழியையே தின்கிறான்,
பாவம், யாராவது ஒரு ரசம் வைத்துக் கொடுக்கக் கூடாதா.

நான் இவர்களின் டிரெய்னர். என் கருத்தை யாரும் கேட்கவில்லை.
ஏழாவது எபிசோடில்
அவள் நெஞ்சுக்கு மேல் கம்பி நின்றுவிடுகிறது.
அவன் எங்கிருந்தோ ஓடி வந்து
ஒரே கையால் தூக்கி எறிகிறான்.
முகத்துக்கு முகம். ஜன்னலில் பனி.
எஸ்தர் அழுதாளாம்.
நான் போனைப் பார்த்துக் கத்தினேன்:
கம்பிக்கு கிளிப் எங்கடா?
தோள் போனவன் ஒற்றைக் கையில் தூக்குவானா?

ஆனால் கோபம் அதற்கில்லை.

எனக்கும் ஒருவன் இருந்தான்.
என் கையில் இருந்த எதையும் பார்க்கப் பொறுக்காதவன்.
முதலில் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டான்.
பிறகு ஸ்கூட்டி சாவி. பிறகு சம்பள அட்டை.
"நீ ஏன் கஷ்டப்படணும்" என்பான்.
இரண்டு வருடத்தில் என் கைகள்
தண்ணீர்க் குடம் தூக்கவே நடுங்கின.

இன்று ஷம்ஷாத்துக்கு முப்பது கிலோ, முதல் தடவை.
தலைமாட்டில் நிற்கிறேன்,
கம்பிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் என் உள்ளங்கைகள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதில் பாதி வழியில் நின்றுவிட்டது.
பெடல்கள் நின்றன. மாமி முட்டியை மறந்து எழுந்துவிட்டார்.
எடுத்துடுங்க மேடம் என்றன அவள் கண்கள்.

தொடவில்லை.
என் கைகளும் அவளோடு நடுங்கின, அவ்வளவுதான்.
"ஷம்ஷாத்" என்றேன்.

கம்பி ஒரு அங்குலம் நகர்ந்தது. யோசித்தது.
பிறகு டங்கென்று கொக்கியில் போய் விழுந்தது.

அவள் எழுந்தபின் ரெக்ஸினில்
அவள் முதுகின் அளவுக்கு ஈரம்,
இரண்டு தோள், நடுவில் ஒரு கோடு.
"இதக் காட்டச் சொல்லுங்க அவங்கள" என்றாள்,
துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தபடி.

துணியைத் தேடிப் போன மங்கையர்க்கரசி
பாதியில் திரும்பினாள்:
"அது சரி, அந்தக் கடன் என்ன ஆச்சு?
பதினோரு எபிசோட்ல
ஒரு தவணையாவது கட்டினானா?"