பதினொருவரின் மரம்

பொத்துவில் களப்பில்
மூன்று வருடமாய் நான் செய்கிற வேலை
மரங்களைப் படம் எடுப்பது.

ஆறு மாதத்துக்கொரு தடவை
பிறேமனிலிருந்து ஒருவர், ஒஸ்லோவிலிருந்து ஒருவர்
தங்கள் கண்டல் எத்தனை இலை விட்டதென்று கேட்பார்கள்.
நட்டுவிட்டுப் போனவர்கள்.
நடுவதற்குக் காசும் கட்டியவர்கள்.
நல்ல மனிதர்கள்;
பிளாஸ்டிக் போத்தல் வேண்டாமென்று
எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து
இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்கள்.

அவர்களுக்கு லீவு ஜூலையில்.
ஜூலையில் களப்பு வற்றிக் கிடக்கும்.
வற்றிய சேற்றில் கயிறு பிடித்து
நேர் நேராய் நடுவோம்.
மாரி வந்தால் தண்ணீர் ஆளுயரம் ஏறும்,
முகத்துவாரம் வெட்டும்வரை இறங்காது.
கன்றுகள் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.
பெயர்கள் மட்டும் மிதந்து வரும்,
மூங்கிலில் சுட்டெழுதிய பெயர்கள்.
பொறுக்கி, வெயிலில் காயவைத்து
அரிசிப் பை ஒன்றில் கட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு கண்டல் மட்டும் நின்றது.
எவரும் நடாதது.
தாய்மரத்திலேயே முளைவிட்டு
முருங்கைக்காய்போல் தொங்கி
ஏதோ ஓர் இரவில் விழுந்து, மிதந்து,
தனக்குப் பிடித்த மேட்டில்
தானே ஊன்றிக்கொண்டது.

கிழக்கே நின்று எடுத்தால் அது பிறேமன்காரருடையது.
குனிந்து எடுத்தால் ஒஸ்லோ.
பலகையைக் கம்பியால் கட்டுவேன், எடுப்பேன், அவிழ்ப்பேன்,
அடுத்த பெயர்.
பொய் எழுதியதில்லை.
‘மரம் நல்லா இருக்கு’ என்றுதான் எழுதினேன்.
இருக்கிறதுதானே.

இந்த ஆகஸ்டில் ஹெட்விக் திரும்பி வந்தாள்.
விமானப் புகையில் இனித் தனக்குப் பங்கில்லை என்று
ரயில், பஸ், மறுபடி ரயில், நாகபட்டினத்துக் கப்பல்.
அறுபத்திரண்டு நாள்.
காங்கேசன்துறையிலிருந்து பொத்துவிலுக்கு வந்ததுதான்
இருப்பதிலேயே நீளமாம்.
மூக்குத் தோல் உரிந்திருந்தது.
‘நிஸ்மியா, என்ட மரம் எங்க?’
அந்த ‘என்ட’ நான் பழக்கியது.

விடியவே ஓடிப்போய்
அவள் பலகையைக் கட்டியிருந்தேன்.
தோணியில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை,
துடுப்புச் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனேன்.

மரத்தை அவள் கட்டிப்பிடிக்கவில்லை.
விரலால் தண்டைத் தடவினாள்.
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கம்பித் தழும்புகள்.
ஜெர்மனில் எண்ணினாள், உதடு அசைந்தது.
பதினொன்றில் நின்றது.

‘இத ஒருத்தரும் நடல்ல’ என்றேன்.

மறுகரையில் முதலையொன்று
வாயைத் திறந்துவைத்து வெயில் காய்ந்தது.
அதை வெகுநேரம் பார்த்தாள்.
‘அப்ப எப்ப நடணும்?’
‘பெப்ரவரி. வெள்ளம் வடியக்குள்ள.
நடவும் தேவல்ல, மாடு ஏறாம வேலி கட்டினாக் காணும்.
விதை தானா வரும்.’
‘ஏன் சொல்லல்ல?’
‘பெப்ரவரியில நீங்க ஒருத்தரும் வாறல்லயே.
வேலி கட்ட யாரு காசு கட்டி வருவாங்க?’

சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
அவள் விசா செப்டம்பர் பதினெட்டில் முடிகிறது.

வேலிக்கு எத்தனை கம்பு வேண்டுமென்று
கரையோரம் எண்ணிக்கொண்டு நடந்தோம்.
நானூற்றிச் சொச்சத்தில்
சேறு முழங்காலைத் தாண்ட, விட்டுவிட்டோம்.
தன் பலகையைத் தானே அவிழ்த்து
என் கையில் தந்தாள்.
‘இந்தச் சேற்றைப் படம் எடு.
பதினொரு பேருக்கும் அனுப்பு.’

எடுத்தேன்.
வெறும் சேறு, ஓரத்தில் அவள் செருப்பு ஒன்று.

இரவு முகவரிகள் எல்லாம் இட்டாயிற்று.
‘மரம் நல்லா’ வரை விரல் தன்பாட்டில் தட்டியது.
அழித்தேன்.
காலையில் ஹிபதுல்லா சேர் வருவார்,
புதிதாய்ப் பதினாலு பேரோடு, கையுறைகளோடு.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
படம் திரையில் கிடக்கிறது.
சேறு காய்ந்த என் கட்டைவிரல்
அதன்மேல்.