மூன்றாம் கியர்

ஈசா டவுன் சிக்னலில் பச்சை விழுந்தது.
வண்டி நகர்ந்தது, நகர மனசில்லாமல்.
மூன்றாம் கியரைக் கவ்விக்கொண்டு
முனகியது.
டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு.
பின்னால் ஏழு பிள்ளைகள்.
இரண்டு என்னுடையவை.
போலீஸ் கேட்டால் ஏழும் என்னுடையவை.

"ஆன்ட்டி, நம்ம வண்டிக்கு என்னாச்சு?"
என்றான் நவ்ஃபல்.
நம்ம வண்டி என்றான்.
அவன் அம்மா தருவது மாதம் பதினெட்டு தினார்.

மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினோம்.
பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு:
கியர்பாக்ஸ் போச்சு, ஐந்நூறு ஆகும்.
ஒருவன் உச்சுக்கொட்டினான்,
இழவு வீட்டில் கொட்டுவதுபோல.

அன்று ராத்திரியே செலஸ்டின் அக்கா வீட்டில்
சீட்டைக் கேட்டு எடுத்தேன்.
அறுநூறு தினார் சீட்டு, எண்பது கழிவு.
"அடுத்த மாசம்னா முப்பதுல முடிஞ்சிருக்கும்"
என்றாள் அக்கா, நோட்டை எண்ணிக்கொண்டே.
அடுத்த மாதம் வரை
ஏழு பிள்ளைகளை எதில் ஏற்றுவது?

சல்மாபாத்தில் நாலாவது ஆள் கரம்தாத்.
அவர் வாயைத் திறக்கவில்லை.
பேட்டரியைக் கழற்றினார், தட்டைக் கழற்றினார்,
அதற்கும் அடியில் கைவிட்டு
டிபன் டப்பா மூடியளவு ஓர் அலுமினியப் பெட்டியை
வெளியே எடுத்தார்.
நாலு போல்ட், இரண்டு கனெக்டர், அவ்வளவுதான்.
"கை கால் நல்லா இருக்கு மேடம்.
மூளைதான் குழம்பிடுச்சு."
இந்தியில் சொன்னார்,
எனக்குத் தெரிந்த இந்திக்குள் அடங்குமாறு.

நெம்பித் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு,
ஈயப் பற்றில் ஒரு கீறலைக் காட்டினார்.
ஒன்பது கோடை சேர்ந்து கிழித்த கோடாம்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
தெரிகிறது என்றேன்.

புதுசு வர மூன்று வாரம், இருநூற்று நாற்பது.
பழசு சித்ராவில் கிடைக்கும், ஐம்பத்தைந்து.
சித்ரா என்றால் பெண்ணில்லை, தீவு;
சிரிப்பே வராத இந்த ஜோக்கை
பெர்க்மான்ஸ் பாலத்தில் போகும்போதெல்லாம் சொல்வான்.
அன்று சொல்லவில்லை.

ஸ்கிராப் யார்டில் அதே மாடல், அதே சாம்பல் நிறம்.
முன்பக்கம் முகமே இல்லை.
நடு சீட்டில், பெல்ட் போட்டபடி,
ஒரு குழந்தை இருக்கை.
காலியாக. சுத்தமாக.
"ஒண்ணும் ஆகலை, எல்லாரும் பிழைச்சாங்க"
என்றான் கடைக்காரன்,
நான் கேட்காமலே.
அதற்குமேல் விலை பேச எனக்கு வாய் வரவில்லை.

பெட்டியைப் பொருத்தி, லேப்டாப்பைச் சொருகி,
பழைய வண்டியின் ஞாபகத்தை அழித்தார் கரம்தாத்.
பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து
தொண்ணூற்றேழில் நின்றது.
பாங்கு கேட்டது. தொழப் போனார்.
நானும் தொண்ணூற்றேழும் உட்கார்ந்திருந்தோம்.
யாரோ ஒருத்தி
எந்த வளைவில் காலை எடுத்தாள்,
எங்கே அவசரமாக அழுத்தினாள்.
மீதி மூன்றில் இருந்தது அதுதானோ.

திரும்பி வந்து ஒரு பட்டனைத் தட்டினார்.
"இப்போ இதுக்கு ஒண்ணும் தெரியாது.
முந்நூறு கிலோமீட்டர் பொறுமையா ஓட்டுங்க.
உங்க காலைப் படிச்சுக்கும்."
கூலி இருபத்தைந்து.

"கழிவும் எண்பது, ரிப்பேரும் எண்பது"
என்றான் பெர்க்மான்ஸ், கால்குலேட்டரைப் பார்த்து.
மிச்ச நோட்டுகளை வைத்த உறையில்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
தேதியை மட்டும் எழுதினேன்.

ஞாயிறு காலை. ஒன்று. இரண்டு.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஒரு கணம் யோசித்தது.
பின்னால் ஏழு வாயும் மூடிக்கொண்டன.
போ, என்றேன்,
வண்டியிடமோ, அந்த ஒருத்தியிடமோ.
போனது.

"நாலு!" என்று கத்தினான் நவ்ஃபல்.
மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.
பள்ளிக்கூட வாசல்வரை கியரை எண்ணியபடி வந்தார்கள்,
தப்பும் தவறுமாக.
நான் காலை மெதுவாகத்தான் எடுத்தேன்,
யாரோ பார்த்து எழுதுகிறார்கள் என்பதுபோல.