வெளியே பார்க்கும் திரை

சந்தூர் சாலையில் எங்கள் எடைமேடைக்கு
மூன்று மானிட்டர்.
ஒன்று எனக்கு: கிலோ, கழிவு, பில்.
ஒன்று கேமராவுக்கு: பழக்கூழ் ஆலையின் கேட், கழுவும் தொட்டி,
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய்.
மூன்றாவது
ஜன்னலுக்கு வெளியே முகம் திருப்பி
தகரக் கூரைக்கடியில்,
வண்டிக்காரர்கள் தங்கள் எடையைத்
தாங்களே பார்த்துக்கொள்ள.

ராத்திரி இடியில் போன கரண்ட்
விடிந்துதான் வந்தது.
பட்டனை அழுத்தினேன்.
உள்ளே விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது,
என் பக்கம் இரண்டு திரையும் கறுப்பு.
வெளியே பதினாலு டிராக்டர் பெங்களூரா.
காம்புப் பால் வாசம் ஜன்னல் வழியே வந்து
மேசைமேல் உட்கார்ந்துகொண்டது.

கிருஷ்ணகிரியில் கடை வைத்திருக்கும் இலியாஸ்
போனில் சொன்னார்:
"எல்லாத்தையும் கழட்டுங்க. மெயினையும் அணைச்சிடுங்க.
ஒண்ணே ஒண்ணு மாட்டி ஆன் பண்ணுங்க.
வந்தா, திரும்ப அணைச்சு அடுத்தது.
எதை மாட்டினா படுக்குதோ
அதுதான் ஆள்."

மேசைக்கடியில் நுழைந்தேன்.
தூசி, ஒரு மாங்கொட்டை,
போன சீசனில் நான் பழி சுமத்திய ஸ்டேப்ளர்.
நீல முனையின் திருகுகள்
நகம் உடைந்த பிறகே அசைந்தன.

ஒன்று மாட்டினேன். வந்தது.
ஆங்கிலத்தில் இரண்டு வரி ஏதோ கேட்டது,
எஃப் ஒன் என்றது, அழுத்தினேன்,
போனில் வரும் விளம்பரத்தைத் தள்ளுகிற மாதிரி.
இரண்டு மாட்டினேன். அதே கேள்வி, அதே விரல். வந்தது.
மூன்று மாட்டினேன்.

கறுப்பு.

"அப்ப வெளியில இருக்கிறதுதான்" என்றார் இலியாஸ்.
"அதை விட்டுடு சுகுணா" என்றார் முதலாளி,
"எடை நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

அந்த ஒரு திரை இல்லையென்றால்
நான் சொல்வதுதான் எடை.
வரிசைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.
முதல் வண்டி மேடையில் ஏறவில்லை.
வேடியப்பன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்,
மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் சாக்கை
மானிட்டர் தலையிலிருந்து உருவினார்.

"கெட்டுப்போச்சுன்னீங்க.
இங்க ஏதோ எழுதியிருக்குதே."

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
கறுப்பில் வெள்ளை எழுத்து, அதே இரண்டு வரி:
தேதி தெரியவில்லை,
தொடர எஃப் ஒன் அழுத்தவும்.

செத்துப்போனதென்று நான் நினைத்த நேரமெல்லாம்
அது எனக்கு முதுகு காட்டி நின்று
சாக்குக்குள்ளிருந்து
டிராக்டர்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது,
இன்றைக்கு என்ன தேதி என்று.

உள்ளே வந்து விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
"அமுத்துங்க" என்றார் வெளியிலிருந்து.
மூன்றும் எரிந்தன.
கேமராவில் நாய் இடம் மாறிப் படுத்திருந்தது.

முதல் ரசீதை அவசரத்தில் அப்படியே கொடுத்துவிட்டேன்.
அவர் படித்துப் பார்த்துத் திருப்பி நீட்டினார்.
பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று,
தோப்பில் பூகூட முழுசாக இறங்காத நாள்,
மூன்று டன் நூற்றிருபது கிலோ.
பேனாவால் அடித்து ஜூன் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

ஒரு ரூபாய் அளவு பேட்டரியாம், அது தீர்ந்துபோச்சாம்.
நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்கிறார் இலியாஸ்,
நாலு நாளாக.
கேபிளை இடம் மாற்றினால் உள்பக்கமே கேட்குமாம்.
மாற்றவில்லை.
ஸ்டேப்ளர் மறுபடி கீழே விழுந்து கிடக்கிறது,
அதற்கே நான் குனியவில்லை.

ராத்திரி முதலாளி மெயினை அணைத்துவிட்டுப் போகிறார்.
காலையில் வரிசையில் முதலில் நிற்பவர் யாரோ,
நேற்று பர்கூர்க்காரர், இன்று ஒரு பள்ளிக்கூடப் பையன்,
சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு
ஜன்னலைத் தட்டுகிறார்கள்:

அமுத்துங்க.