இருபத்துநான்கு கட்டங்கள்

இரத்தப் பரிசோதனை முடிவுகளை
நாள் முழுக்க நீட்டுகிறவள் நான்.
உறையைப் பிரிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்
யாருக்குச் சீனி, யாருக்கு வெறும் பயம் என்று.
என்னுடைய கிரிப் அறிக்கையைக்
கொட்டாஞ்சேனை வங்கிக் கிளையில்
மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பிரித்தேன்.

பெயர் சரி. அடையாள அட்டை இலக்கம் சரி.
விலாசம் மட்டும் ஜம்பட்டா வீதியின் பழைய அறை.
கீழே மாதங்கள், கட்டம் கட்டமாய்.
சாதகம் மாதிரி இருக்கே என்றேன்.
சஞ்ஜீவனி மிஸ் சிரிக்கவில்லை.
பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டு
சிங்களமும் தமிழும் கலந்து சொன்னா:
தொண்ணூறு நாளுக்கு மேலே.

அந்த நாட்களை எனக்குத் தெரியும்.
வாடகைக்கு விட லீசிங்கில் எடுத்த ஓட்டோ
ஆர்மர் வீதியில் பெற்றோலுக்காக
மூன்று இரவு நின்றது.
ஓட்டிய ரொஷான் நாலாம் நாள்
திறப்பை என் கையில் தந்துவிட்டுப்
பாஸ்போட் வரிசைக்கு மாறினான்.
தவணை மட்டும் எந்த வரிசையிலும் நிற்காமல்
ஐந்தாம் திகதி நேரே வந்தது.
பிறகு இரண்டு பேர் வந்து
வண்டியை எடுத்துப் போனார்கள்.
பின் சீற்றில் என் குடை கிடந்தது.
அதையும் ஏலத்தில் சேர்த்தார்களோ தெரியாது.
விற்றது போக மிச்சம்
ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரம்.

கட்டி முடித்தேன்.
சங்கிலி, தீபாவளி முற்பணம், ஞாயிறு ஓவர்டைம்.
ரசீதை மேசையில் வைத்து
இனி அழித்துவிடுங்கோ என்றேன்.
அழிக்கிறதில்லை, என்றா.
கட்டியாச்சு என்று எழுதுவாங்க.
பழையது கொஞ்சக் காலம் நிற்கும்,
அதுக்கு மேலே புதுசு சேரணும்.
புதுசு என்றால்?
கடன், என்றா.

என் காசை நானே வங்கியில் வைத்து
அந்தக் காசின் மேல் நானே கடன் எடுத்து
தேவைப்படாத அந்தக் கடனை
நாள் தவறாமல் நானே அடைக்க வேண்டுமாம்,
இருபத்துநான்கு மாதம்.
பசியில்லாமல் இலை போட்டு உட்கார்ந்து
ஊர் பார்க்கச் சாப்பிடுகிற மாதிரி.

நவ்ஷாத் நானாவின் கடைக் கொப்பியில்
என் பக்கம் ஒரு நாளும் பிந்தியதில்லை.
தேங்காய்க்குக் குறைந்த இருபது ரூபாயைக்கூட
மறுநாள் விடிய, கதவு திறக்க முதல்
கொண்டுபோய் நின்றிருக்கிறேன்.
அந்தக் கொப்பியைக் கொண்டுவரட்டா என்று கேட்டேன்.
இந்த முறை சிரித்தா சஞ்ஜீவனி.
கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினா.

கையெழுத்து.
லீசிங் பத்திரத்தில் எனக்குப் பிணை நின்றது
எக்ஸ்ரே பகுதித் திலகரஞ்சினி.
"ஒரு கையெழுத்துத்தானே" என்று நான்தான் சொன்னேன்,
தேநீர் நேரம், அவள் வாயில் பாதிப் பணிஸ்.
பிறகு அவளுடைய ஃபோனுக்கு அடிக்கத் தொடங்கினார்கள்,
வேலை நேரத்தில், மாமியார் வீட்டு நம்பருக்கும்.
ஐந்து தவணை அவள் கட்டினாள்.
ஐந்து மாதமும் என்னைப்
படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்:
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து,
ஒன்றும் பேசாமல்.

அதற்குக் கட்டம் போட்டு
யாரும் அச்சடித்துத் தரவில்லை.
நானாகவே தொடங்கினேன்.
சம்பளத்தன்று ஓர் உறை, நாலாயிரம்.
அவள் என் முன்னாலேயே எண்ணுவாள்.
எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணுவாள்.
நான் நிற்பேன். லிஃப்ட் வரும், போகும்.

இன்று காலை ஃபோனில்
ஒன்பதாவது தவணை கிடைத்ததென்று செய்தி,
நன்றி வாடிக்கையாளரே என்று முடிந்திருந்தது.
மதியம் மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.
திலகா உறையை வாங்கினாள்.
எண்ணினாள்,
ஒரு தடவைதான்.
பிறகு என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து
அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.